படகு இன்ஜின் நடு ஆற்றில் சூடேறுகிறது: ஹெட்டைக் கழற்ற வேண்டுமா?

பரிசல்துறை, நெருஞ்சிப்பேட்டை:

அனைவருக்கும் வணக்கம். நெருஞ்சிப்பேட்டைக்கும் எதிர்க்கரையில் உள்ள பூலாம்பட்டிக்கும் இடையே காவிரியில் ஆட்களையும் இரு சக்கர வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் இரும்புப் படகு ஒன்றை ஓட்டி வருகிறேன். என் தகப்பனார் இதே துறையில் பரிசல் ஓட்டியவர். இன்ஜின் படகு என் காலத்தில்தான் வந்தது. படகின் உள்ளே, அடித்தளத்தின் மேல் பொருத்திய 40 குதிரைத்திறன் கொண்ட நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின் அது. ஆற்று நீரை ரப்பர் இம்பெல்லர் (இதழ்கள் கொண்ட சுழல் சக்கரம்) வைத்த பம்பு ஒன்று உறிஞ்சி, வெப்பத்தைக் கைமாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் செலுத்துகிறது; அங்கே இன்ஜினுக்குள் சுற்றிவந்து சூட்டை எடுக்கும் கூலன்டைக் குளிர்வித்த பிறகு அதே நீர் புகைக்குழாயில் கலந்து, புகையோடு சேர்ந்து பின்புறம் வெளியேறுகிறது.

மூன்று வாரங்களாக இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறுகிறது. ஆள் இல்லாமல் வெறும் படகாகப் போனால் முள் 82 பாகையில் அசையாமல் நிற்கிறது. ஆட்களும் ஐந்தாறு வண்டிகளும் ஏறிவிட்டால் பாதி ஆற்றைத் தாண்டுவதற்குள் 95-ஐக் கடந்துவிடுகிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை 100-ஐத் தொட்டு, கூலன்ட் தொட்டியிலிருந்து பொங்கி வழிந்தது. வேகத்தைக் குறைத்து மெதுவாகக் கரை சேர்ந்தேன். புகைக்குழாயில் முன்பு கொட்டு கொட்டென்று விழுந்த தண்ணீர் இப்போது விட்டு விட்டுத் தெறிக்கிறது. கூடவே வெள்ளை ஆவியும் வருகிறது.

கதவணையில் பராமரிப்புக்காக நீரைத் திறந்துவிட்டிருந்தபோது படகு பன்னிரண்டு நாட்கள் சேற்றில் அமர்ந்திருந்தது. நீர் ஏறிய பிறகு ஓட்டத் தொடங்கியதிலிருந்துதான் இந்தத் தொல்லை. உள்ளூரில் ஒருவர் வந்து பார்த்துத் தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கேற்பக் கூலன்டின் வழியைத் திறந்து மூடும் வால்வை) கழற்றி எடுத்துவிட்டார். அதன் பிறகு சூடு குறையவில்லை, கூடியிருக்கிறது. இப்போது ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களின் மேல் மூடியான ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் தகடு) போயிருக்கும், ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார். உள்ளே வரும் ஆற்று நீரை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரை நானே கழுவிவிட்டேன். கூலன்ட் குறையும்போதெல்லாம் எங்கள் தோட்டத்துப் போர்வெல் தண்ணீரைத்தான் ஊற்றி வந்திருக்கிறேன்.

துறைக்குக் கீழே கதவணையின் மதகுகள் இருக்கின்றன. நீர் வேகமாக ஓடும் நாளில் நடு ஆற்றில் இன்ஜினை நிறுத்த நேர்ந்தால் படகு எந்தப் பக்கம் போகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. ஆகையால் சரிசெய்யும் வரை ஆள் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் வேறு எதைப் பார்க்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பட்டறை, பவானி:

தம்பி, ஆள் ஏற்றுவதை நிறுத்தியது மிகச் சரியான முடிவு. ஹெட்டில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் சிலிண்டரின் வாயு கூலன்டுக்குள் புகுந்து தொட்டியில் குமிழி விடும். அந்தக் குமிழி நிற்காது, வேகத்தைக் கூட்டினால் அதிகமாகும். இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது காலையில் மூடியைத் திறந்துவைத்து ஓட்டித் தொட்டிக்குள் பாருங்கள். முதல் சில நிமிடங்கள் வரும் குமிழி உள்ளே தங்கிய காற்றாக இருக்கலாம், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அதோடு ஆயில் அளவுக் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் மோர் போல வெளுத்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். இரண்டும் இல்லையென்றால் கேஸ்கெட்டை மறந்துவிடலாம்.

நீங்கள் எழுதியதிலேயே விடையில் பாதி இருக்கிறது. புகைக்குழாயில் தண்ணீர் குறைந்து ஆவி வருகிறது என்றால், ஆற்றுத் தண்ணீர் போதுமான அளவு உள்ளே வரவில்லை என்றுதான் பொருள். கூலன்ட் பக்கத்துக் கோளாறாக மட்டும் இருந்தால் முள் ஏறும், ஆனால் பின்னால் தண்ணீர் எப்போதும் போல விழுந்துகொண்டிருக்கும். ஆகவே ஆற்றில் தண்ணீர் நுழையும் வாயிலிலிருந்து தொடங்கி, தண்ணீர் போகும் வழியிலேயே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றியதைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சூடேறினால் முதலில் அதைப் பிடுங்கி எறிவது நம் பக்கத்தில் லாரி, டிராக்டர் என்று எல்லா வண்டிகளுக்கும் வழக்கமாகிவிட்டது. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் ஒரு தட்டு இருக்கும். தெர்மோஸ்டாட் திறக்கும்போது அந்தத் தட்டு இறங்கிப் பைபாஸ் வழியை அடைத்து, கூலன்ட் முழுவதையும் குளிரும் இடத்துக்கு அனுப்பும். தெர்மோஸ்டாட்டே இல்லையென்றால் பைபாஸ் எப்போதும் திறந்துகிடக்கும். சூடான கூலன்டில் ஒரு பங்கு ஹீட் எக்ஸ்சேஞ்சர் பக்கமே போகாமல் திரும்பவும் இன்ஜினுக்குள் வந்துவிடும். கழற்றிய பிறகு சூடு கூடியதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும். பழையது கையில் இருந்தால் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதில் தெர்மோஸ்டாட்டையும் வெப்பமானியையும் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள். எதுவும் பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டை ஒட்டி வாய் திறக்கத் தொடங்க வேண்டும், தண்ணீர் கொதி வருவதற்குள் நன்றாகத் திறந்துவிட வேண்டும்.

தொட்டியின் மூடியையும் மாற்றிவிடுங்கள். 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி நல்ல நிலையில் இருந்தால் உள்ளே தண்ணீர் ஏறத்தாழ 118 பாகை வரை கொதிக்காது. உங்களுக்கு 100-லேயே பொங்கியிருக்கிறது, அந்த ரப்பர் வளையம் காய்ந்து போயிருக்கும். இன்ஜின் சூடாக இருக்கும்போது எக்காரணம் கொண்டும் அந்த மூடியைத் திருகாதீர்கள். ஈரச் சாக்கைப் போட்டுத் திறக்கலாம் என்று சொல்பவர்களின் பேச்சையும் கேட்க வேண்டாம். என் பட்டறையில் அப்படித் திறந்த ஒரு பையனுக்குக் கை முழங்கை வரை வெந்துபோனதை நான் கண்ணால் பார்த்தவன்.

கடலூர்க்காரன், இப்போது ஈரோடு:

வணக்கம் தம்பி. விசைப்படகு இன்ஜின்களில் இருபது ஆண்டுகள் வேலை செய்தவன். பவானி அண்ணன் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் திறப்பது இம்பெல்லர் பம்பின் மூடியைத்தான்.

அந்த ரப்பர் இம்பெல்லருக்குத் தண்ணீர்தான் எண்ணெய். தண்ணீர் இல்லாமல் சுற்றினால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே ரப்பர் கருகி, இதழ்கள் அடிப்பக்கம் விரிசல் விடும். உங்கள் படகு பன்னிரண்டு நாட்கள் சேற்றில் இருந்திருக்கிறது. உறிஞ்சும் வாயில் சேறு அடைத்த நிலையில் இன்ஜினை முடுக்கியிருந்தால் கதை அங்கேயே தொடங்கியிருக்கும். விரிசல் விட்ட இதழ் உடனே உடையாது. சில நாட்கள் தாக்குப்பிடித்துப் பிறகு ஒவ்வொன்றாக அறுந்துபோகும். மெதுவாக ஓடும்போது மிச்சமிருக்கும் இதழ்களே போதுமான தண்ணீரைத் தள்ளிவிடும். அதனால்தான் வெறும் படகில் முள் 82-ல் நிற்கிறது.

உறிஞ்சும் குழாயின் வால்வை மூடிவிட்டு, பம்பு மூடியின் திருகுகளைக் கழற்றுங்கள். இதழ்களை எண்ணுங்கள். ஒவ்வொரு இதழையும் விரலால் பின்னுக்கு மடக்கி அதன் வேரைப் பாருங்கள். வெளிப்பார்வைக்கு முழுதாகத் தெரியும் இதழ் மடக்கினால் வாய் பிளக்கும். இதழ் காணாமல் போயிருந்தால் புது இம்பெல்லரைப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். அறுந்த ரப்பர் ஆற்றுக்குப் போகாது. ஹீட் எக்ஸ்சேஞ்சரின் உள் குழாய்கள் பென்சில் அளவுதான் இருக்கும், அவற்றின் வாயிலோ இடையில் உள்ள வளைவுகளிலோ போய் உட்கார்ந்துகொள்ளும். எத்தனை துண்டு காணோமோ அத்தனையும் கைக்கு வர வேண்டும். ஒரு காகிதத்தில் பழைய இம்பெல்லரை வைத்து, கிடைத்த துண்டுகளை அதன் பக்கத்தில் பொருத்திப் பார்த்தால் கணக்குத் தெரிந்துவிடும். ஒன்று விட்டுப்போனாலும் மாதம் திரும்புவதற்குள் இதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள்.

பம்பு மூடியின் உட்புறத்தில் வட்ட வட்டமாகக் கோடு விழுந்திருந்தால் தட்டைத் திருப்பிப் போடலாம், வெளிப்புறமும் வழவழப்பாக இருந்தால் மட்டும். புது இம்பெல்லரை உள்ளே விடும்போது கிளிசரினோ சோப்புத் தண்ணீரோ தடவுங்கள். கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதிக் கெடும். இதழ்கள் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை, பழையதைக் கழற்றும் முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பம்புசெட், பீளமேடு:

எனக்குப் படகு தெரியாது, பம்பு தெரியும். ஆகவே பம்பு பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. 40 குதிரைத்திறன் என்பது ஏறத்தாழ 30 கிலோவாட். டீசல் இன்ஜினில் எரிபொருளின் வெப்பத்தில் சுமாராக மூன்றில் ஒரு பங்கு வேலையாகவும், ஒரு பங்கு புகையோடும், ஒரு பங்கு குளிர்விக்கும் நீரோடும் போகிறது. அப்படியென்றால் முழுச் சுமையில் உங்கள் ஆற்று நீர் சுமந்து செல்ல வேண்டிய வெப்பமும் 30 கிலோவாட் அளவுக்கு இருக்கும். நிமிடத்துக்கு 36 லிட்டர் தண்ணீர் ஓடினால் அந்தத் தண்ணீர் 12 பாகை சூடாகி வெளியேறும். அதுவே 18 லிட்டராகக் குறைந்தால் 24 பாகை சூடாக வேண்டியிருக்கும். ஓட்டம் மெதுவானதால் எக்ஸ்சேஞ்சருக்குள் வெப்பம் கைமாறுவதும் குறையும். சுமை இல்லாதபோது வெப்பமே சிறிது என்பதால் பாதித் தண்ணீர் போதும். முள் ஏன் சுமையில் மட்டும் ஏறுகிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

எனவே அளந்து பாருங்கள். படகைக் கரையில் முன்னும் பின்னும் இறுகக் கட்டி, கியர் போடாமல், வேகத்தை ஓட்டும்போது இருக்கும் அளவுக்கு உயர்த்தி, புகைக்குழாயின் கீழ் 15 லிட்டர் வாளியைக் கொக்கியில் தொங்கவிட்டு நிரம்பும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 25 விநாடியை ஒட்டி நிரம்பினால் நிமிடத்துக்கு 36 லிட்டர். உங்கள் இன்ஜினுக்குரிய சரியான அளவு கையேட்டில் சற்று மாறியிருக்கலாம். ஆனால் பழுது பார்ப்பதற்கு முன்னும் பின்னும் எடுக்கும் அளவுகளை ஒப்பிட்டாலே போதிய தெளிவு கிடைக்கும்.

இரண்டாவது, காற்று. கிணற்று மோட்டார் வைத்திருக்கும் எவருக்கும் இது புதிதல்ல. தள்ளும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் தண்ணீர் சொட்டும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும், மோட்டார் சத்தம் மாறும், தண்ணீர் விட்டு விட்டு வரும். நீங்கள் சொல்லும் தெறிப்பும் அதுவேதான். ஸ்ட்ரெய்னரைக் கழுவியதாக எழுதியிருக்கிறீர்கள். அதன் மூடிக்கு அடியில் உள்ள ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, ஒரு மண் துகளோ ஆகாயத்தாமரையின் வேர் நூலோ இடையில் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் ஓடும்போது மூடியின் விளிம்பைச் சுற்றிச் சோப்பு நுரையைத் தடவினால், காற்று இழுக்கும் இடத்தில் நுரை உள்ளே போய் மறைவதைக் காணலாம்.

உறிஞ்சும் ஹோஸையும் நம்ப வேண்டாம். பழைய ஹோஸின் உட்பொருக்கு உரிந்து நாக்கு போலத் தொங்கும். நின்றிருக்கும்போது ஒன்றும் தெரியாது. வேகத்தைக் கூட்டும்போது அந்த நாக்கு எழுந்து வழியை அடைக்கும். ஓடும்போது ஹோஸ் சப்பையாகிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். கம்பிச் சுருள் வைத்த சக்சன் ஹோஸைத் தவிர வேறு எதையும் அந்த இடத்தில் போடாதீர்கள்.

பரிசல்துறை, நெருஞ்சிப்பேட்டை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றும் இன்றும் நீங்கள் சொன்ன வரிசையிலேயே பார்த்தேன்.

தொட்டியில் முதல் நான்கைந்து நிமிடம் குமிழி வந்து நின்றுவிட்டது. ஆயில் தெளிவாக இருக்கிறது. 15 லிட்டர் வாளி நிரம்ப 55 விநாடி எடுத்தது. பம்பைத் திறந்தேன். ஆறு இதழ்களில் மூன்று இல்லை, மீதி மூன்றில் ஒன்று வேரில் வெடித்திருந்தது. ஹீட் எக்ஸ்சேஞ்சரின் பக்க மூடியைக் கழற்றியபோது, தண்ணீர் நுழையும் முகத்தில் இரண்டு இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, தேன்கூட்டை மூடியது போல, ஏழெட்டுக் குழாய்களின் வாயை அடைத்துக்கொண்டிருந்தன. மூன்றாவது எங்கும் அகப்படவில்லை. ஈரோட்டு அண்ணன் எழுதியது நினைவுக்கு வந்ததால் விடாமல் தேடினேன். பம்பிலிருந்து எக்ஸ்சேஞ்சருக்குப் போகும் ஹோஸின் முழங்கையில், பாதியாக மடிந்து, சேறு பூசி, கல் போல இறுகி இருந்தது. மூன்றையும் செய்தித்தாளில் வைத்துப் பழைய இம்பெல்லரோடு பொருத்தினேன். மூன்றும் பொருந்தின. ஆனால் கையில் நான்காவதாக ஒரு சிறு ரப்பர் துண்டும் இருந்தது. அது இந்த இம்பெல்லருடையது அல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொருவர் இம்பெல்லர் மாற்றியபோது விட்டுவைத்தது அதுவாகத்தான் இருக்கும்.

ஸ்ட்ரெய்னர் மூடியின் வளையத்தில் ஒரு புறம் தட்டையாகி, நுரை உள்ளே இழுபட்டது. அந்த வளையத்தையும் மாற்றுகிறேன்.

இப்போது ஒரு கேள்வி. எக்ஸ்சேஞ்சரின் ஆற்று நீர்ப் பக்கக் குழாய்களில் மண் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் கூலன்ட் பக்கத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு போலப் படிந்திருக்கிறது. நகத்தால் சுரண்டினால் பெயர்வதில்லை. இங்கே ஒருவர் கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் போய்விடும் என்கிறார். செய்யலாமா?

நீர்த்தேக்கம், மேட்டூர்:

அந்த ஆசிட்டைத் தயவுசெய்து ஊற்றாதீர்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுண்ணாம்பைக் கரைக்கும் வேகத்திலேயே ஈயப் பற்றுகளையும் உலோகத்தையும் அரிக்கும், அலுமினியப் பாகம் இருந்தால் அதைத் தின்றுவிடும். எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலம் போதும். எக்ஸ்சேஞ்சரின் உள்ளே இருக்கும் குழாய்க் கட்டைத் தனியே கழற்ற முடிந்தால், வெதுவெதுப்பான தண்ணீரில் அந்த உப்பைக் கரைத்து அதில் ஊறவையுங்கள். நுரை வருவது நிற்கும் வரை பொறுத்து, நல்ல தண்ணீரில் பலமுறை அலசுங்கள். ஆற்று நீர்ப் பக்கக் குழாய்களில் உள்ள மண்ணுக்குத் தென்னை ஈர்க்குச்சியே சிறந்தது. இரும்புக் கம்பியை விட்டுக் குத்தினால் மெல்லிய குழாய் கிழிந்து கூலன்டும் ஆற்று நீரும் ஒன்றாகிவிடும்.

அந்த வெள்ளைப் படிவு போர்வெல் தண்ணீரால் வந்தது. நம் பகுதியில் ஆயிரம் அடிக்குப் போட்ட போர்வெல் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் பாத்திரத்தின் அடியில் என்ன படியும் என்பது வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியும். அதே பாத்திரத்தை ஆண்டுக்கணக்கில் இன்ஜினுக்குள் வைத்து எரித்ததாகக் கொள்ளுங்கள். அந்தப் படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. இனிமேல் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு தண்ணீரையும் கூலன்டையும் சரிபாதியாகக் கலந்து ஊற்றுங்கள். குறைந்தால் அதே கலவையைச் சேர்க்க வேண்டும்; அடிக்கடி குறைந்தால் எங்கே குறைகிறது என்று தேட வேண்டும்.

வெளியே எடுக்கும் பழைய கூலன்டைத் துறையிலோ ஆற்றிலோ கொட்டாதீர்கள். அதில் உள்ள கிளைக்கால் இனிப்பாக இருக்கும், விஷம். நாயும் ஆடும் நக்கினால் இறந்துபோகும். இந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் கீழே எத்தனையோ ஊர்கள் குடிக்கின்றன. மூடியுள்ள கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுப்பவர்களிடம் கேட்டுக் கொடுங்கள்.

பரிசல்துறை, நெருஞ்சிப்பேட்டை:

எல்லாம் மாட்டி முடித்துவிட்டேன். எலுமிச்சை உப்பில் இரண்டு முறை ஊறவைத்த பிறகு செம்பு நிறம் தெரிந்தது. புது இம்பெல்லர், புது வளையம், புது மூடி போட்டாயிற்று. பழைய தெர்மோஸ்டாட்டை அடுப்பில் வைத்துப் பார்த்ததில் 83-ல் வாய் திறந்தது, ஆகவே அதையே திரும்பப் பொருத்தினேன். அதன் மேல் எந்தக் குற்றமும் இல்லாமல் மூன்று வாரம் வெளியே கிடந்திருக்கிறது. வாளி இப்போது 26 விநாடியில் நிரம்புகிறது.

ஆட்களுக்குப் பதிலாக மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, பூலாம்பட்டிக்குப் போய்த் திரும்பும் நடையை நான்கு முறை ஓட்டினேன். முள் 84-ஐத் தாண்டவில்லை. ஆனால் முழு வேகத்தில் இன்ஜினின் சுற்று முன்பிருந்த அளவுக்கு ஏறவில்லை, புகையும் கொஞ்சம் கருப்பாக வருகிறது.

பட்டறை, பவானி:

தண்ணீர் சரியாகிவிட்டது, தம்பி. சுற்று ஏறாமல் கருப்புப் புகை வருகிறது என்றால் இன்ஜினுக்குச் சுமை கூடியிருக்கிறது. புரொப்பல்லரிலும் தண்டிலும் மீன் வலையின் நைலான் நூலோ ஆகாயத்தாமரையோ சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். சேற்றில் உட்கார்ந்த படகில் அது இல்லாமல் இருந்தால்தான் வியப்பு. பேட்டரி வயரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தண்ணீரில் இறங்க வேண்டும். கரையில் ஓர் ஆள் நிற்கட்டும்.

பரிசல்துறை, நெருஞ்சிப்பேட்டை:

இருந்தது அண்ணா. தண்டுக்கும் புரொப்பல்லருக்கும் இடையில் ஒரு கைப்பிடி அளவு வலை நூல் இறுகிப்போயிருந்தது. பிளேடால் அறுத்து எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. இப்போது சுற்று பழைய அளவுக்கு ஏறுகிறது, புகையும் இல்லை. ஒரு இம்பெல்லரும், மூடிக்கான கேஸ்கெட்டும், சின்னக் கிளிசரின் புட்டியும் வாங்கி இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டியில் வைத்திருக்கிறேன். நாளைக் காலை முதல் நடையிலிருந்து ஆட்களை ஏற்றுகிறேன்.